ஐஸ் ஹாக்கியில் வீரர் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் மாறினால் ஏன் இவ்வளவு பேச்சு?

வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில், எதிராளியின் தலையில் இடிப்பது போன்ற முரட்டு ஆட்டத்தை வீடியோவில் பார்த்து, பிற்பாடு தடையோ அபராதமோ விதிக்கும் பிரிவு இது. சிக்னலில் போலீஸ்காரர் போடும் ஃபைன் வேறு, அப்புறம் ஆர்.டி.ஓ. லைசென்ஸை முடக்குவது வேறு அல்லவா? ஆட்டத்தின்போதே நடுவர் தரும் தண்டனையும் இதுவும் அதுபோலத்தான்.

எது எல்லை மீறல் என்பதில் தலைவரின் பார்வைக்குப் பெரிய இடம் உண்டு. 2011-இல் பொறுப்பேற்ற பிரெண்டன் ஷானஹன், தடைகளுக்கான காரணத்தை வீடியோவில் தானே தோன்றி விளக்கினார். 2017-இல் வந்த ஜார்ஜ் பாரோஸ் என்பவரோ, ஆடிய காலத்தில் கையுறையைக் கழற்றிப் போட்டுச் சண்டை பிடிப்பதற்கே பெயர் போனவர். பாம்பின் கால் பாம்பறியும் என்று நினைத்தார்கள் போல!

நடுவர் விசில் ஊதாவிட்டால் வீரர் தப்பித்தார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நடுவர் கவனிக்காத மோதலுக்கும் தடை வரலாம்.