ராமா, எஸ்எஸ்டியா: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: 2018-ல் வாங்கிய லேப்டாப். இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுப் போய் காபி குடித்துத் திரும்பினாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மகள் இதைத்தான் கல்லூரிக்கு எடுத்துப் போகவேண்டும். கடையில், "புதுசு வாங்கிடுங்க சார், இல்லன்னா ராம், எஸ்எஸ்டி ரெண்டும் மாத்த 11,000 ஆகும்" என்கிறார்கள். நானே மாற்றினால் மிச்சமாகுமா? பயமாகவும் இருக்கிறது.
– வாசகர், காட்பாடி

பதில்: புதுசு வேண்டாம். எட்டாம் தலைமுறை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்களுக்கு அதிர்ஷ்டம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். இன்னும் ஒரு வருடம் பழையதாக இருந்திருந்தால் நானும் யோசித்திருப்பேன்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் என்ற இடத்தில் 100% நிற்கும் என்று பந்தயமே கட்டலாம். ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டு; கேட்ட ஒவ்வொரு துண்டுக்கும் அதன் முள் ஓடிப்போய்த் தேடவேண்டும். மளிகைக் கடைப் பையன் ஒவ்வொரு சாமானுக்கும் பரணில் ஏறி இறங்குகிற மாதிரி. ராம்தான் கல்லாவுக்குப் பக்கத்து மேசை; அது சின்னதாக இருந்தால் சாமானை வைக்க இடமில்லாமல் அதையும் பரணுக்கே அனுப்புகிறது விண்டோஸ். அதனால் கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், முதலில் எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். ராம் அடுத்த மாதம் போடலாம்.

வாங்குவதற்கு முன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். பலர் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். உள்ளே நீளவாக்கில், எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் காலியாக இருந்தால், அது வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா, பழைய சாட்டா வகையை மட்டும் ஏற்குமா என்று உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டே இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். அதுவே நொடிக்கு 500 எம்பி அளவுக்குப் படிக்கும்; பழைய டிஸ்க் 100-ஐத் தாண்டத் திணறும்.

ராமுக்கு, அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம். எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கேயே இருக்கும். 'சோடிம்' என்று போட்டிருந்தால் கழற்றலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் போர்டிலேயே பற்றவைத்தது, தொடமுடியாது. உங்கள் 4 ஜிபியைத் தூக்கி எறியவும் வேண்டாம்: இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால் அதில் 8 ஜிபி ஒன்று போட்டு 12 ஆக்கிக்கொள்ளுங்கள். ராம் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் பிசி4 என்றிருந்தால் டிடிஆர்4 வகை ராம். பிசி3எல் என்றிருந்தால் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல், அதற்கு 1.5 வோல்ட் பழைய ராம் வாங்கினால் பல லேப்டாப்புகள் ஆன் ஆகாது.

2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. ஏஐ சர்வர்களுக்கான மெமரிக்குக் கம்பெனிகள் முன்னுரிமை கொடுத்ததுதான் காரணம். அதனால் காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் பழைய ராம் வாங்குவதில் தப்பில்லை. அது தேய்கிற பொருள் இல்லை, போட்டுப் பார்த்து வாங்கலாம். எஸ்எஸ்டி அப்படியல்ல, எழுத எழுதத் தேயும். அதை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். 'புதுசு' என்று தந்தாலும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

சரி, பயத்துக்கு வருவோம். முதலில் ஃபோட்டோ, ஃபைல் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதுங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை உருவி, மூடி திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்களை இட்லித் தட்டில், எந்த மூலையோ அந்தக் குழியில் போடுவது என் வழக்கம். எல்லாம் ஒரே நீளம் இருக்காது. நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் புடைத்துவிடும். சில மாடல்களில் ஓரிரு ஸ்க்ரூ ரப்பர் காலுக்கடியில் ஒளிந்திருக்கும். மூடியை நெம்பக் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும், கத்தி வேண்டாம். நம் ஊர் வெயிலில் கை வியர்க்கும். துடைத்துவிட்டு, உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் போக ஏதாவது இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். ராமைச் சாய்வாகச் செருகி, பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் 'டிக்' என்று பிடிக்கும். பிடிக்காவிட்டால் பலம் காட்டாதீர்கள், வகை மாறியிருக்கும்.

முதல் தடவை நான் போட்டபோது திரை கறுப்பாகவே நின்றது. போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, இன்னும் கொஞ்சம் ஆழமாகச் செருகியதும் வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்தாலும் புது ராமோடு முதல் தடவை ஆன் ஆக ஒரு நிமிடம் வரை பிடிக்கலாம், பதறவேண்டாம்.

புது எஸ்எஸ்டியில் விண்டோஸைத் திரும்பப் போடும்போது அதற்கு மறுபடி பணம் கட்டவேண்டியதில்லை. லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்தது; டிஸ்க் மாறினாலும் நெட்டில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

கேள்வி: எம்1 மேக்புக் ஏர், 8 ஜிபி. 16 ஆக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: வேண்டாம். அதில் மெமரி, எம்1 சிப்போடு சேர்ந்தே வருகிறது, எஸ்எஸ்டியும் பற்றவைத்தது. இடம் போதவில்லை என்றால் வெளியே மாட்டும் எஸ்எஸ்டி வாங்கிக்கொள்ளுங்கள். 8 ஜிபியோடு வாழப் பழகவேண்டியதுதான்.

கேள்வி: நான்கு மாதம் முன்பு எஸ்எஸ்டி வாங்கி நானே போட்டேன். போன வாரம் செத்துவிட்டது. கடைக்காரர் கொடுத்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு. "கம்பெனியைக் கேளுங்க" என்கிறார்.
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: முதலில் எஸ்எஸ்டியின் சீரியல் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல கம்பெனிகள் பல மாடல்களுக்கு 3 அல்லது 5 வருடம் தருகின்றன. சில நேரம் சீரியல் நம்பரை வைத்தே மாற்றித் தருவார்கள், கடையே தேவைப்படாது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: வருவது வேறு டிஸ்க். உங்கள் பழைய ஃபைல்கள் திரும்பி வராது.

பில் கேட்டார்கள் என்றால் கடைக்குத் திரும்பப் போய், சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் தராமல் விற்பதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. வாய்வார்த்தை வேண்டாம், வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். ஜிபே போன்றவற்றில் பணம் கட்டியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டும் சாட்சிதான். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல விஷயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். அதற்குள் அந்த எஸ்டிமேட் சீட்டை ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள், அந்த மை சீக்கிரம் அழிந்துவிடும்.