பாரிசவாதத்தின் பின் மடங்கி இறுகும் கை: பொறுத்திருக்கலாமா?

கேள்வி: என் தந்தையாருக்கு வயது 61, கடற்றொழில் செய்தவர். ஏழு வாரங்களுக்கு முன் பாரிசவாதம் ஏற்பட்டு இடது கையும் காலும் செயலிழந்தன. முதலில் துவண்டு கிடந்த கை இப்போது முழங்கையில் மடங்குகிறது. விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகுகின்றன. பலம் திரும்புகிறது என்று உறவினர்கள் மகிழ்கிறார்கள். மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றும் சொல்கிறார்கள். அவ்வாறு பொறுத்திருக்கலாமா? – வாசகி, மூதூர்.

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். விரல்களை அவர் தானாக விரிக்கவும் மடக்கவும் முடிந்தால் அதைப் பலம் எனலாம். நீங்கள் எழுதியிருப்பது தசை இறுக்கத்தின் அறிகுறி. இழுபடும் தசை தானாகச் சுருங்கும் தெறிவினையை மூளை வழக்கமாக அடக்கி வைத்திருக்கும். மூளையிலிருந்து முண்ணாணுக்குச் செல்லும் அந்தக் கட்டுப்பாடு பாரிசவாதத்தால் குலைவதால், பெரும்பாலும் முதல் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் இந்த இறுக்கம் வெளிப்படத் தொடங்குகிறது.

அவரது முழங்கையை மிக மெதுவாக நீட்டிப் பாருங்கள். வேகமாக அசைத்தால் பாதியில் பிடித்துக்கொள்ளும் கை, மெதுவாக நீட்டும்போது முழுமையாக நீளுமானால், தசை இன்னும் குறுகவில்லை என்று கொள்ளலாம். எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் ஓர் எல்லைக்கு அப்பால் போகாவிட்டால், மடங்கிய நிலையிலேயே கிடந்த தசையும் மூட்டைச் சூழ்ந்த இழையங்களும் குறுகத் தொடங்கியிருக்கலாம். அவ்வாறு குறுகியதை மாத்திரையாலோ ஊசியாலோ நீளச் செய்ய முடியாது. பொறுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது, அவர் படுக்கும், இருக்கும் முறை. கை மார்போடு ஒட்டிக் கிடக்காமல், தலையணை மீது உடலிலிருந்து சற்று விலகி, முழங்கை நீண்டு, உள்ளங்கை மேல்நோக்கியபடி நாளுக்கு அரை மணி நேரமாவது இருக்கட்டும். கட்டிலிலிருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தளர்ந்த தோள்மூட்டு விலகி நோவு எடுக்கும், நோவு இறுக்கத்தை மேலும் கூட்டும். உள்ளங்கையைக் கழுவவோ நகம் வெட்டவோ விரல்களை நேரடியாக நிமிர்த்தாமல், முதலில் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மடக்குங்கள். விரல்கள் தாமாகவே சற்று இளகும். ஆயினும் பிறர் நீட்டிவிடுவதால் மட்டும் கிடைக்கும் பயன் சிறியது. கோப்பையைத் தொடுவது, மேசையில் துணியைத் தள்ளுவது என அவரே முயன்று செய்யும் அசைவுகளை இயன்மருத்துவரின் வழிகாட்டலில் நாள்தோறும் செய்விக்க வேண்டும். பலரும் இறப்பர் பந்தை வாங்கிக் கொடுத்து அழுத்தச் சொல்கிறார்கள். ஏற்கெனவே மூடியிருக்கும் கைக்கு மூடுவதற்கே பயிற்சி கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

திருகோணமலையில் இருந்துகொண்டு கன்னியா வெந்நீரூற்றைப் பற்றிக் கேட்காதவர் குறைவு. வெதுவெதுப்பான நீர் தசையைச் சிறிது நேரம் இளக்கும், அவ்வளவே. ஈரத் தரையில் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். வீட்டில் ஒத்தடம் கொடுப்பதானால், உணர்ச்சி குறைந்த கையில் சூடு தெரியாமலேயே தோல் வெந்துவிடும் என்பதால், சூட்டை உங்கள் கையில் பார்த்த பின்பே வையுங்கள்.

இறுக்கம் திடீரெனக் கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம் ஆகியவை உண்டா என்று பாருங்கள்; அதனைச் சரிசெய்தாலே பல வேளைகளில் இறுக்கம் தணியும்.

இவற்றுக்கும் அடங்காமல், குறிப்பிட்ட சில தசைகளே இறுகியிருந்தால், பொட்டுலினம் நச்சு ஊசி பொருத்தமானது. நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செல்லும் சமிக்ஞையை அது தடுக்கிறது. இரண்டு வாரங்களுக்குள் இளக்கம் தெரியத் தொடங்கும், ஏறத்தாழ மூன்று மாதம் நீடிக்கும். அந்த இடைவெளியில் பயிற்சி செய்யாவிட்டால் ஊசியின் பயனில் பெரும்பகுதி வீணாகும். ஊசி போட்டதனால் மட்டும் கை வேலை செய்யத் தொடங்கிவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பாக்லோஃபென், டிசானிடீன் ஆகிய மாத்திரைகள் உடல் முழுவதும் செயற்படுவதால் தூக்கக் கலக்கமும் தளர்வும் தரலாம். காலின் இறுக்கத்தை ஊன்றுகோலாகக் கொண்டு நிற்கும் ஒருவர் அதனால் விழவும் கூடும். ஆகவே எல்லா இறுக்கத்தையும் போக்குவது எங்கள் நோக்கமன்று. பாக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். சிறுநீரகப் பாதிப்புள்ளோருக்கு அதன் அளவைக் குறைக்க வேண்டும். டிசானிடீன் குருதி அமுக்கத்தைக் குறைக்கும். அதனைச் சிப்ரோபுளொக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துடன் சேர்த்து எடுக்கவே கூடாது. இன்னொரு நோயாளிக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த வாரமே, அவர் வழக்கமாகச் செல்லும் கிளினிக்கில் காட்டி, மாவட்டப் பொது வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். காலையிலும் இரவிலும் கை இருக்கும் விதத்தைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்துக் காட்டினால் வைத்தியருக்கு உதவும். எடுக்கும் மருந்துகள் யாவற்றையும், சிறப்பாகக் குருதி உறையாமல் கொடுக்கும் மாத்திரை இருந்தால் அதனையும், அண்மைய சிறுநீரகப் பரிசோதனை அறிக்கையையும் உடன் கொண்டு செல்லுங்கள்.