குட்டை இருப்பது சட்டியிலா, விதையிலா?

கேள்வி: கல்முனையில் மேல்மாடி வீட்டில் குடியிருக்கிறேன். முற்றம் கிடையாது, பூச்சாடிகள் எல்லாம் மாடி விறாந்தையில்தான் இருக்கின்றன. நீலச் சங்குப்பூ வைத்தால் கம்பி ஏறிக் கூரைவரை போய்விடுகிறது. மேலே பூ, கீழே வெறும் தண்டு. ஆனால் பழைய தயிர்ச் சட்டி ஒன்றில் தானாக முளைத்த கொடி முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை, அடியிலிருந்தே பூக்கிறது. இப்போது ஐந்து காய் பிடித்திருக்கிறது. இதைச் சாடிக்கென்றே ஒரு புதிய வகையாக உருவாக்க முடியுமா? என்னிடம் உள்ள வெள்ளை அடுக்குச் சங்குப்பூவோடு கலக்கலாமா? எவ்வளவு காலம் எடுக்கும்? விற்கலாமா?

பதில்: முடியும். கலப்பைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அந்தக் குட்டை சட்டியால் வந்ததா, விதையோடு வந்ததா? இதைப் பார்க்காமல் நேரே கலப்பில் இறங்கி, இரண்டு மூன்று வருடங்களைப் பறிகொடுத்தவர்களை நான் அறிவேன்.

தயிர்ச் சட்டியில் ஒரு லீற்றர் அளவுக்குத்தான் மண் கொள்ளும். வேர் சுவரில் முட்டியதும் கொடி தன் வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்ளும். சுட்ட மண் என்பதால் பக்கங்களாலும் ஈரம் போய்விடும். கரையோரக் கிணற்று நீரில் உவர் ஏறியிருந்தால் அதுவும் குறுக்கும். காகம் நுனியைக் கொத்திவிட்டாலும் கொடி பக்கக் கிளை விட்டுப் புதராகும். இவை எல்லாம் அந்தச் செடி ஒன்றுக்கு நேர்ந்தவை, விதையில் இறங்காது. இலையில் மஞ்சள் திட்டும் சுருக்கமும் சேர்ந்திருந்தால் வைரசு நோயாக இருக்கலாம். அந்தச் செடியில் இருந்து எதையும் தொடங்க வேண்டாம். கடையில் வாங்கும் சாடிச் செடிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. பக்லோபியூட்ரசோல் போன்ற வளர்ச்சி அடக்கி மருந்து ஊற்றிக் குறுக்கி விற்பார்கள். மருந்தின் வேகம் தணிந்ததும் செடி தன் இயல்புக்கு நீளும். அதன் விதையில் குட்டையைத் தேடுவது வீண்.

சோதனை எளிது. ஐந்து காய்களில் இருந்து முப்பது விதையாவது கிடைக்கும். பத்தைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு எடுத்து வையுங்கள். கைப்பிசகு நேர்ந்தால் திரும்பிப் போக வழி வேண்டும். மீதியில் ஆறை நிலத்திலும் ஆறைப் பத்து லீற்றர் பையிலும் விதையுங்கள். அதே நாளில், அதே இடங்களில், உயரமாக வளரும் உங்கள் பழைய கொடியின் விதையிலும் ஆறு ஆறாகப் போடுங்கள். முற்றம் இல்லாத உங்களுக்கு உறவினர் வளவில் ஒரு வேலியோரம் போதும். விதைத்தோல் கடினமானது, உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்தால் ஒன்றுபோல முளைக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீர், ஒரே எரு. யூரியா வேண்டாம். சங்குப்பூ அவரைக் குடும்பத்தது; வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாவின் உதவியால் காற்றில் உள்ள நைதரசனைத் தானே எடுத்துக்கொள்ளும். யூரியா போட்டால் இலையும் கொடியும் நீளும், பூ குறையும், உங்கள் அளவீடும் கெடும்.

ஆறு வாரத்தில் அளவு நாடாவை எடுங்கள். மொத்த உயரத்தைவிட முக்கியமானவை இரண்டு: ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையிலான தூரம், முதல் பூ எத்தனையாவது கணுவில் வந்தது என்ற எண்ணிக்கை. வேலியோரத்தில் வேருக்குத் தடையே இல்லாத இடத்தில் நின்றும் உங்கள் கொடியின் பிள்ளைகள் மற்றதில் பாதி உயரம்தான் என்றால், குட்டை விதையில் இருக்கிறது. நிலத்தில் நட்டதும் இரண்டும் ஒன்றாக ஏறினால், சட்டியின் வேலை அது. மனம் சோரும், ஆனால் நான்கு மாதத்தோடு போயிற்று.

அவரைக் குடும்பத்தில் கொடி குட்டையாவதற்கு நன்கு அறியப்பட்ட வழிகள் இரண்டு. ஒன்று, கணுவிடை சுருங்குவது. மெண்டல் பட்டாணியில் ஆராய்ந்த குட்டை இதுதான். 1866இல் வெளியான அவரது கட்டுரையில், கலப்பின் இரண்டாம் தலைமுறையில் 1064 செடிகளில் 787 உயரம், 277 குட்டை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. அந்தக் குட்டைச் செடிகளில் தண்டை நீட்டும் ஜிபரெலின் என்ற ஓமோன் சரியாக உருவாவதில்லை என்பதும், அதற்குக் காரணமான பரம்பரை அலகு எது என்பதும் 1997இல் துலங்கின. மற்றையது, நுனி ஓரளவு வளர்ந்ததும் பூவாகி நின்றுவிடுவது. கொடி போஞ்சியும் புதர் போஞ்சியும் அப்படிப் பிரிந்தவை. நம் ஊர்ச் சந்தைக்கு வரும் பயற்றங்காயிலும் பந்தல் கேட்காத புஷிட்டா வகை இருக்கிறது. அதை நட்டவருக்குக் கொடியைப் புதராக்கலாம் என்று நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் சாடிக்கு முதல் வகைதான் நல்லது. நுனி நின்றுவிட்டால் பூப்பும் சீக்கிரம் ஓயும். கணுவிடை சுருங்கியது பூத்துக்கொண்டே இருக்கும். சங்குப்பூ கணுவுக்குக் கணு பூப்பதால் கணு நெருங்கினால் பூவும் நெருங்கும்.

சோதனையில் குட்டை உறுதியானால் உங்கள் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்பேன். சங்குப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். பிள்ளை தாயைப் போலவே வரும். இரண்டு மூன்று தலைமுறை தொடர்ந்து குட்டையானவற்றில் மட்டும் விதை எடுத்து, மாறிப்போனதை அகற்றினால், நீலக் குட்டைச் சங்குப்பூ ஒரு வகையாக நின்றுவிடும். 1890களில் கலிபோர்னியாவில் இனிப்புப் பட்டாணி வயலில், உயர்ந்த கொடிகளின் நடுவே ஒரு சாண் உயரம்கூட இல்லாத ஒரு வெள்ளைப் பூச்செடி கண்ணில் பட்டது. அதன் விதையைப் பெருக்கித்தான் கியூபிட் என்ற பெயரில் சந்தைக்கு விட்டார்கள். அதற்குக் கலப்பே தேவைப்படவில்லை. கவனித்தவர் அதைப் பிடுங்கி எறியாமல் விட்டதே போதுமாக இருந்தது. உங்கள் தயிர்ச் சட்டியை நீங்களும் அப்படித்தான் கவனித்திருக்கிறீர்கள்.

வெள்ளை அடுக்குப் பூவும் வேண்டும் என்றால்தான் கலப்பு. இதில் கை பழக வேண்டும். சங்குப்பூவின் மகரந்தப் பைகள் மொட்டு விரியும் முன்பே வெடித்துவிடும். விரிந்த பூவில் மகரந்தம் தடவிப் பயனில்லை. மறுநாள் விரியப்போகும் மொட்டை முதல் நாள் பிற்பகலில் தேர்ந்தெடுங்கள்: இதழ் வெளியே நீண்டிருக்க வேண்டும், ஆனால் இறுக மூடியிருக்க வேண்டும். ஊசி முனையால் பெரிய இதழைப் பிரித்து, உள்ளே மகரந்தப் பைகளைத் தாங்கும் இழைகளான கேசரங்களை மூடி நிற்கும் சிறிய இதழ்களை நீக்கிவிட்டு, பத்துக் கேசரங்களையும் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். ஒரு பையாவது தூள் உதிர்த்திருந்தால் அந்த மொட்டைக் கிள்ளி எறியுங்கள். பிறகு சிறிய கடதாசிப் பையால் மூடி, மறுநாள் காலை வெயில் ஏறும் முன் தந்தைக் கொடியின் புது மகரந்தத்தைக் குறியில், அதாவது பூவின் நடுவே மகரந்தம் ஏற்கும் நுனியில், தடவி, மீண்டும் மூடி, நூலில் திகதி எழுதிக் கட்டுங்கள்.

வெள்ளையைத் தாயாகவும் நீலக் குட்டையைத் தந்தையாகவும் வையுங்கள். இதை மாற்றவே வேண்டாம். நீலம் வெள்ளைக்கு ஆட்சியானது, இரண்டும் கலந்தால் நீலமே வெளியே தெரியும்; ஆகவே வெள்ளைத் தாயின் விதையில் இருந்து நீலப் பூ வந்தால் கலப்பு பிடித்துவிட்டது, வெள்ளையே வந்தால் தாய் தன்னாலேயே சூல் கொண்டுவிட்டது. முதல் பூவிலேயே தெரியும். நான் தொழில் பழகிய காலத்தில் நீலத்தைத் தாயாக வைத்தேன். பிறந்த பத்தொன்பது செடியும் நீலமாகப் பூத்தன. கலப்பு பிடித்ததென்று மகிழ்ந்து அடுத்த தலைமுறையையும் விதைத்தேன். அதில் ஒரு வெள்ளைகூட இல்லை. நான் மொட்டைத் திறந்தது பிந்திவிட்டது; அத்தனையும் தாயின் சொந்தப் பிள்ளைகள். இரண்டு போகம் வீணாயிற்று.

கலப்பின் முதல் தலைமுறை உங்களை ஏமாற்றும்: நீலம், அனேகமாக உயரம், ஒற்றையாகவும் இருக்கலாம். பதற வேண்டாம். பின்னிடைவான பண்புகள் அங்கே மறைந்துதான் இருக்கும். அவற்றின் விதையை விதைத்தால் வெளிவரும். குட்டைக்கு ஒரே பரம்பரை அலகு காரணமாக இருந்தால், குட்டை நாலில் ஒன்று. குட்டையும் வெள்ளையும் சேர்ந்தது பதினாறில் ஒன்று. அடுக்கும் பின்னிடைவாக இருந்து, மூன்றும் தனித்தனியே இறங்கினால் அறுபத்து நாலில் ஒன்று. அப்படி ஒன்றையாவது காண நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதி வேண்டுமென்றால், முறையே 11, 47, 191 செடிகள் வளர்க்க வேண்டும். பத்துச் செடி வைத்து மூன்று பண்பையும் எதிர்பார்ப்பவர்கள்தான் கைவிட்டுப் போகிறார்கள்.

மாடி விறாந்தையில் இருநூறு கொடியா என்று திகைக்க வேண்டாம். இருநூறையும் கடதாசிக் கோப்பையில் முளைக்க வையுங்கள். ஒரு மாதத்தில் கணுவிடையே உயரமானதைக் காட்டிக்கொடுக்கும். அவற்றை அயலாருக்குக் கொடுத்துவிட்டால் ஐம்பதளவு மிஞ்சும். அவற்றை மட்டும் இரண்டு லீற்றர் பைகளுக்கு மாற்றுங்கள். மணலோடு தும்புத் தூளும் மக்கிய மாட்டெருவும் சம பங்காகப் போதும். பூத்ததும் வெள்ளை பன்னிரண்டளவு. அதில் அடுக்கு மூன்று இருந்தால் நீங்கள் தேடியது அதுதான்.

காலத்தைப் பொறுத்தவரை, விதையில் இருந்து விதைக்கு ஏறக்குறைய நான்கு மாதம். நம் கரையில் மாரி மழை கொட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை கலப்பு வேலை வேண்டாம். நனைந்த மகரந்தம் பயன் தராது, காயும் அழுகும். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கைக்கலப்புக்கு நல்ல காலம். ஜூன், ஜூலையில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும்போது குறி உலர்ந்து பூ உதிரும். கலப்பை அப்போது நிறுத்துங்கள். ஆனால் தேர்வை நிறுத்தாதீர்கள். கச்சானில் வாடாமல் நின்று பூக்கும் குட்டைக் கொடி எது என்று பார்க்க அதைவிட நல்ல நாட்கள் கிடையாது. அழகான பூ இருந்தும் அந்தக் காற்றில் கருகுவதை இரக்கப்பட்டு வைத்துக்கொள்ள வேண்டாம். நாளை உங்களிடம் கன்று வாங்கும் ஒருவரின் மாடியிலும் அதே கச்சான்தான் வீசும்.

வருடத்துக்கு இரண்டு போகம் என்று வைத்துக்கொள்வோம். தேர்ந்த செடியில் பின்னிடைவுப் பண்புகள் உடனே நிலைத்துவிடும். இலை அளவு, கிளைப்பு, பூக்கும் நாள் போன்றவை ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி பாதியாக ஒன்றுபடும். ஆறாம் தலைமுறையில் கலப்பு நிலை நூற்றுக்கு மூன்றளவுக்கு இறங்கிவிடும். ஆக, கலப்பில் இருந்து மூன்று வருடம். ஒரு சட்டியில் எடுத்த விதை இருபது சட்டியில் ஒன்றுபோல வந்தால் அதை வகை என்று சொல்லலாம். மல்லிகை, போகன்விலா போன்றவற்றில் இந்தக் காத்திருப்பு இல்லை. நல்ல செடி ஒன்று கிடைத்தால் தண்டு நட்டே பெருக்கலாம்.

விற்பனை பற்றிச் சுருக்கமாக. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி இலங்கையில் தாவரத்துக்குக் காப்புரிமை கிடைக்காது. அதே ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் விதையின் தரத்தைப் பார்க்கிறது. பொதி செய்து விற்கும் முன் உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் பதிவு பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். விதை தாயைப் போலவே வருவதால் வாங்கியவர் தானே பெருக்கிக்கொள்வார் என்பதையும் மனதில் வையுங்கள். ஆகவே பூத்து நிற்கும் சாடிக் கன்றாக விற்பதே உங்களுக்குக் கட்டும். ஆரம்பம் முதலே அளவு, திகதி, படம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் பதிந்து வாருங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அங்கே பேசப் போகும்போது கையில் அந்தக் கொப்பி இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. சங்குப்பூக் காய் காய்ந்ததும் வெடித்து விதையைச் சிதறடிக்கும். மாடியில் இருந்து விழுந்தால் தேடி எடுக்க முடியாது. மெல்லிய துணியில் சிறு பை தைத்து அந்த ஐந்து காய்களையும் கட்டிவிடுங்கள். காய் பழுப்பாகி உள்ளே விதை கலகலக்கும் அன்று துணியோடு கிள்ளி எடுங்கள்.