அப்பா நடிக்கவில்லை

வணக்கம் ஐயா,

நாங்கள் காசிமேடு. அப்பா துறைமுகத்தில் வலை பழுது பார்ப்பவர். ஆனால் கானா பாடுகிறவர் என்றால்தான் ஏரியாவில் தெரியும். இரண்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாம் சொல்வது புரிகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. தண்ணீர் கேட்கக்கூட 'த... த...' என்று திணறி அழுதுவிடுகிறார். வார்டில் இருந்தபோது சிலர் வந்து இசை சிகிச்சை என்று புல்லாங்குழல் போட்டார்கள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் தம்பி சும்மா டிபன் கேரியரில் தாளம் தட்ட, தன் பழைய கானாவில் நாலு வரி பாடினார். ஒரு சொல் குழறவில்லை. "அப்போ இத்தினி நாளா நடிச்சானா?" என்கிறார் அத்தை. சாவு வீட்டுப் பாட்டை நோயாளி பக்கத்தில் பாடக் கூடாது என்றும் தடுக்கிறார். பாட விடலாமா?

ஒரு வாசகி, காசிமேடு

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா நடிக்கவில்லை. இதை அத்தையிடம் சொல்லுங்கள், அப்பா காதிலும் விழும்படி சொல்லுங்கள். எல்லாம் புரிகிறவர் 'நடிச்சானா' என்பதையும் கேட்டுக்கொண்டுதானே கிடந்திருப்பார்.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைக் கோத்துத் தரும் இடம் மூளையின் இடது பக்கம் இருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டால் வலது கை காலோடு பேச்சும் போகும். மெட்டுக்கு வலது பக்கமும் துணை நிற்கிறது. அதோடு, வருடக்கணக்கில் பாடிய வரியை ஒவ்வொரு சொல்லாகத் தேட வேண்டியதில்லை. தாளம் விழுந்தால் தானாக வந்துவிடும். பேச்சிழந்த ஒருவர் தேவாலயப் பாடல்களைப் பாடியதை 1745-லேயே சுவீடனில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

1973-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் இதை ஒரு சிகிச்சை முறையாகவே ஆக்கினார்கள். நம் பேச்சில் சொன்னால் இப்படி: பயிற்சி தருபவர் 'தண்ணி குடு' என்பதை இரண்டே சுரத்தில் இழுத்துப் பாடுவார். நோயாளியின் இடது கையைப் பிடித்து அசைக்கு ஒரு தட்டு. முதலில் இருவரும் சேர்ந்து. பிறகு அவர் குரலைத் தணித்துக்கொள்ள, நோயாளி தனியே முடிப்பார். கடைசியில் மெட்டையும் கழற்றிவிட்டுப் பேச்சாக்குவார்கள். இந்தப் படிகள் இல்லாமல் கானா மட்டும் பாடினால் பேச்சு திரும்பிவிடாது. எல்லோருக்கும் முழுதாகத் திரும்பும் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

புல்லாங்குழலுக்கு அவர் முகம் திருப்பியதில் தப்பே இல்லை. 2008-ல் வெளியான ஒரு பின்லாந்து ஆய்வில், பக்கவாதம் வந்தவர்கள் இரண்டு மாதம் தினமும் ஒரு மணி நேரமாவது தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டார்கள். ஒலிப்புத்தகம் கேட்டவர்களைவிட அவர்களுக்குச் சொல் நினைவு நன்றாகத் தேறியது. தங்களுக்குப் பிடித்த பாட்டு! அதை நோயாளியிடம் கேட்காமல் வார்டுக்குள் ஸ்பீக்கரோடு வருகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் மார்கழி முழுக்கப் படுத்திருந்தார். சாக்பீஸ் வாங்கி வரச் சொல்லி, கட்டிலோர இரும்பு அலமாரியின் மேல் புள்ளி வைத்துக் கோலம் போட்டார். "இந்த இழை இப்படி வரணும்க்கா" என்று பக்கத்துக் கட்டில்கள் பேச ஆரம்பித்தன. நாலாம் நாள் ஒருவர் திட்டிக்கொண்டே ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அம்மா சாக்பீஸைத் தொடவில்லை. ஊசி, மாத்திரை, குளியல் எல்லாம் மற்றவர்கள் அவருக்குச் செய்தவை. அவராகச் செய்தது அந்தக் கோலம் ஒன்றுதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாவு வீட்டில் கானா, விடிய விடிய உட்கார்ந்திருக்கும் உயிருள்ளவர்களுக்காகப் பாடுவது. உங்கள் அப்பா எத்தனை வீட்டில் அழுகிறவர்களைத் தேற்றியிருப்பார்! அத்தைக்கு மனசு சங்கடப்பட்டால் வேறு கானா எடுக்கட்டும். கேரம் போர்டு பக்கத்தில் பாடியது ஒன்றாவது இருக்குமே.

பிரஷர் மாத்திரையையும் கை கால் பயிற்சியையும் ஒரு நாளும் விடாதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சி பற்றி விசாரியுங்கள். அப்பா பாடுவதையும் பேசத் திணறுவதையும் மொபைலில் பதிந்து கொண்டுபோய்க் காட்டுங்கள். வீட்டில் தம்பி தட்டட்டும். முதலில் 'தண்ணி குடு'. அதற்குத்தானே அழுகிறார்.

அன்புடன்