கேள்வி பதில்: பஞ்சாயத்துத் தலைவர் கையில் என்னதான் இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர் தலைவரிடம் எதைச் சொன்னாலும் "அது என் கையில் இல்லை, பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸுக்குப் போங்க" என்கிறார். பஞ்சாயத்து ராஜ் சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆகிறது, அதிகாரமெல்லாம் எங்கே போனது?
- தென்காசி மாவட்ட வாசகர்

பதில்: உங்கள் தலைவர் சாக்குச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள், பாதி உண்மை. நீங்கள் சொல்கிற பஞ்சாயத்து ராஜ் சட்டம், அதாவது 73-வது அரசியல் சட்டத் திருத்தம், 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. அதோடு சேர்ந்த 11-வது அட்டவணையில் விவசாயம், சிறு பாசனம், பள்ளிக்கூடம், சுகாதாரம், ரேஷன் என்று 29 இனங்கள் இருக்கின்றன, படித்தால் ஊராட்சி என்பது ஒரு குட்டி அரசாங்கம் என்றே தோன்றும். ஆனால் 243-ஜி பிரிவைப் பாருங்கள். இந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் 'கொடுக்கலாம்' என்றுதான் அதில் இருக்கிறது, 'கொடுக்க வேண்டும்' என்று இல்லை. அந்த 'லாம்' போதும், எந்த மாநிலமும் தப்பித்துக்கொள்ள.

நம் 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டப்படி தலைவரிடம் உறுதியாக இருப்பது குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, ஊருக்குள் ரோடு, சுடுகாடு, வீட்டு வரி, இப்படிச் சில. பள்ளிக்கூடம் கல்வித் துறையிடம், ஆரம்ப சுகாதார நிலையம் சுகாதாரத் துறையிடம். ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரையே 205-வது பிரிவின் கீழ் விளக்கம் கேட்டு நீக்குகிற அதிகாரம் கலெக்டருக்கு இருக்கிறது. இதே திருத்தத்தை வைத்துக்கொண்டுதான் கேரளம் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் கால்நடை ஆஸ்பத்திரியையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தது, 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கி திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. டெல்லியிடம் மாநில சுயாட்சி கேட்கும்போது நாம் சொல்கிற நியாயங்கள் எனக்கும் சம்மதம்தான், அதே நியாயம் ஏன் கோட்டையைத் தாண்டி ஊராட்சி ஆபீஸ் வரை வருவதில்லை என்பதுதான் என் கேள்வி.

கேள்வி: சரி, தேர்தலாவது கட்டாயம்தானே?

பதில்: கட்டாயம். ஐந்து வருஷம் முடிவதற்குள் நடத்தியே ஆகவேண்டும், 243-இ பிரிவில் 'லாம்' கிடையாது. இருந்தும் 2016-ல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு, வழக்கு, வார்டு வரையறை என்று இழுத்து 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். உங்கள் தென்காசி உட்பட மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரை காத்திருப்பு. அந்த 27 மாவட்டங்களிலும் 2025 ஜனவரியில் காலம் முடிந்தது, திரும்பவும் தலைவர்களின் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சட்டமன்றத்துக்கு இப்படி மூன்று வருஷம் தேர்தல் இல்லாமல் இருந்திருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா?

கேள்வி: கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா, இல்லை காபி குடித்துக் கலைகிற கூட்டமா?

பதில்: எந்த விஷயம் என்பதைப் பொறுத்தது. ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தருவது சபையின் வேலை, அது சட்டத்திலேயே இருக்கிறது. ஒடிசாவில் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதை கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 12 சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அது வன உரிமைச் சட்டத்தின் பலம், எல்லா ஊருக்கும் அப்படிக் கிடைக்காது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட விவகாரத்தில் கிராம சபைத் தீர்மானங்கள் ஏலத்தைச் சட்டப்படி நிறுத்தியிருக்க முடியாது, ஆனால் மக்கள் எதிர்ப்புக்கு அவை எழுத்து வடிவம் கொடுத்தன, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

அப்புறம் ஒன்று. தீர்மானப் புத்தகத்தில் முழுவதும் எழுதி வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுப் பக்கத்தில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.