கிணறு ஒரு பக்கம், காடு ஒரு பக்கம்: என்ன கேட்கலாம்?

மொரப்பூர்–தர்மபுரி ரயில் பாதைக்கு அளவுக் கல் நட்டதில் உங்கள் கிணறு ஒரு பக்கமும் மரவள்ளிக் காடு மறுபக்கமும் போகிறது, பாதையைத் தள்ளிப் போடச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

சொல்லலாம்ங்க, ஆனால் நடப்பது கஷ்டம். ரயில் பாதை ரோடு மாதிரி சட்டென்று வளையாது. உங்கள் நிலத்தில் கொஞ்சம் நகர்த்தினால் முன்னும் பின்னும் வெகுதூரம் வளைவை மாற்ற வேண்டும், அடுத்தவர் நிலம் போகும்.

அதைவிட வழி கேளுங்கள். 1989 ரயில்வே சட்டம் 16ஆம் பிரிவுப்படி, பாதை பிரிக்கும் நிலத்துக்குப் போக வர வழியும் தண்ணீர் போக மதகும் ரயில்வே செய்து தர வேண்டும். மனுவில் 'சுரங்கப்பாதை' என்று மொட்டையாக எழுதாதீர்கள். லோடு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் நுழையும் உயரம், அகலம், மழைத் தண்ணீர் வடிய வழி எல்லாம் எழுதுங்கள்; இல்லாவிட்டால் ஐப்பசியில் அது குளம்தான். கிணற்றுப் பைப் லைனுக்குத் தனிக் குழாயும் கேளுங்கள்.

அப்புறம், கல் நட்டாலே நிலம் எடுத்ததாக ஆகாது. அறிவிப்பு ரயில்வே சட்டம் 20ஏ பிரிவில் வந்தால் ஆட்சேபணைக்கு 30 நாள், 2013 நிலமெடுப்புச் சட்டத்தில் வந்தால் 60 நாள். அதற்குள் கிணறு, போர்வெல், மரங்கள் அடங்கல் என்ற கிராமக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் பார்த்துவிடுங்கள். அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.