நாயை மனிதன் பழக்கினானா? பாம்பன் கரையிலிருந்து ஒரு பதில்

கேள்வி: காட்டு ஓநாயை மனிதன் எப்படி வீட்டு நாயாகப் பழக்கினான்?

கேள்வியிலேயே எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிக் கிடக்கின்றன. பழக்கியது யார் என்று எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு. காரணம், சங்காயம்.

விசைப்படகில் வரும் மீனில் நல்லதை எடுத்தது போக, கோழித்தீவனத்துக்குப் போகும் பொடிமீன் குவியலை எங்கள் பக்கம் சங்காயம் என்போம். அந்தக் குவியல் ஓரமாகவே குட்டியிலிருந்து கிடந்ததால் இந்த நாய்க்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. யாரும் வளர்க்கவில்லை, யாரும் கயிறு கட்டவில்லை. கூடவே ஒரு செவலை நாயும் திரியும். ஆள் காலைத் தூக்கினால் செவலை கரையின் கடைசி வரைக்கும் ஓடிவிடும். சங்காயம் ரெண்டடி மட்டும் தள்ளி நிற்கும். அப்புறம் என்ன, முதல் காரல் மீன் யாருக்கு?

ஓநாய் நாயான கதையும் ஏறக்குறைய இதுதான் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். குறைந்தது 15,000 வருடங்களுக்கு முன்னால், உழவே தொடங்காத காலத்தில், வேடர்கள் தின்று போட்ட மிச்சத்துக்கு ஓநாய்கள் வந்தன. பயந்தாங்கொள்ளிகள் பட்டினி. கூச்சம் விட்டவை தின்று, குட்டி போட்டு, அந்தக் குணத்தையும் குட்டிகளுக்குக் கொடுத்தன. 1959-இல் சைபீரியாவில் பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி நரிகளை வைத்து இதைச் சோதித்தார். சாதுவானவற்றை மட்டும் தேர்ந்து தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தார். குணத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஆனாலும் சில நரிகளுக்குக் காது மடங்கி, வால் சுருண்டு, உடம்பில் வெள்ளைத் திட்டு வந்துவிட்டது. சங்காயத்தின் வாலும் சுருட்டைதான்.

கதை சூடு பிடித்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். நாட்டுப்படகு போகும்தான், ஆனால் அதில் நாய்க்குச் சிந்துகிற அளவுக்கு எதுவும் வராது. ஐந்தாம் நாள் சங்காயம் நாலு தெரு தாண்டி எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தது. "தெருநாயைப் படியேத்தாத!" என்று அப்பத்தா விளக்குமாற்றை எடுத்தார். அது ஓடவில்லை. உள்புருவத்தை மெல்ல மேலே தூக்கி அப்பத்தாவைப் பார்த்தது. அந்தப் புருவத்தைத் தூக்கும் தசை ஓநாய்க்குச் சரியாக வளரவே இல்லை, நாய்க்கு மட்டும் நன்றாக வளர்ந்திருக்கிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. அப்பத்தா எந்த ஆய்வையும் படித்ததில்லை. "பச்சப்புள்ள மாதிரி பாக்குதே" என்று விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டார்.

அன்றைக்குப் பழைய சோறும் முந்தின நாள் கருவாட்டுக் குழம்பும். சோறு எப்படிச் செரிக்கும் என்று கேட்காதீர்கள். மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான், நாய்க்கு 4 முதல் 30 வரை இருக்கிறது. நம் சோற்றுப் பானைக்குத் தோதாக வயிற்றையே மாற்றிக்கொண்ட பிராணி அது.

அப்பத்தாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஜெர்மனியில் பான் நகரத்துப் பக்கம் 1914-இல் ஒரு கல் குவாரியில் சுமார் 14,000 வருடப் பழைய புதைகுழி கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஏழு மாதக் குட்டிநாய். நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் கண்ட குட்டி என்று அதன் பல்லைப் பார்த்துச் சொன்னார்கள். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அது அத்தனை நாள் பிழைத்திருக்காது. வேட்டைக்கும் ஆகாத, காவலுக்கும் ஆகாத நோஞ்சான் குட்டி! அந்த வீட்டிலும் ஓர் அப்பத்தா இருந்திருக்க வேண்டும்.

தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. சங்காயத்துக்கு இப்போது பகலில் கரையில் மீன், ராத்திரி எங்கள் வீட்டில் சோறு. நான் வேலை முடிந்து வந்தால் அப்பத்தா கேட்கும் முதல் கேள்வி, "வர்ற வழியில சங்காயத்தைப் பாத்தியா, அது இன்னும் சாப்பிட வரலையே?" நான் சாப்பிட்டேனா என்று கேட்டு ரெண்டு மாதம் ஆகிறது.